விலையும் விசுவாசமும்

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் போன மாதம் என் அறைக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் நான் திறந்து வைத்திருந்த ஆங்கிலப் பத்திரிகைப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, இவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது?" என்றார். அவருடைய ஃபோனில் அதே கட்டுரை சட்டை, செருப்பு, வீட்டுமனை, முழங்கால் தைலம் இவற்றின் நடுவே எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது. விளம்பரத் தடுப்பான் போட்டிருக்கிறேன் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். ஒரு காசும் இல்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "காசு வாங்காதவன் உனக்கு எதற்கு வேலை செய்கிறான்? வேறெங்கோ வாங்குகிறான் என்று அர்த்தம். நான் வருஷச் சந்தா கட்டி ஒன்று வாங்கப் போகிறேன். காசு கொடுத்துவிட்டால் அவன் நம் ஆள்."

அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். 'அவன் நம் ஆள்' என்பது மட்டும் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இது ஸாஃப்ட்வேர் சம்பந்தப்பட்ட விஷயம் மாத்திரமல்ல என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன். இந்தப் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று கேட்கப் போகிறவர்கள், தாங்கள் கடைசியாக ஒரு கவிதையை எதில் படித்தார்கள், அதன் இரு ஓரங்களிலும் அப்போது என்ன விற்றுக்கொண்டிருந்தது என்று யோசித்துக்கொள்ளலாம்.

பதினோரு வருஷமாக நான் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவன். வாடிக்கையாளரிடம் நாங்கள் கட்டணம் வாங்குகிறோம்: எஸ்.எம்.எஸ்.ஸுக்கு, செக் புத்தகத்துக்கு, கார்டுக்கு. வாங்கிய கட்டணத்தால் நாங்கள் அவருடைய ஆளாகிவிடுகிறோமா? ஃபிக்ஸட் டெபாசிட் போட வந்த கிழவரிடம் அதே கவுண்டரில் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து நீட்டுகிறோம். அதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கமிஷன் தருகிறது. கிழவர் கொடுத்த காசு எங்களிடம் ஒரு கடமையை உண்டாக்கியது வாஸ்தவம். இன்னொருவர் கொடுக்கும் காசு அந்தக் கடமையைச் சந்தடியில்லாமல் அரித்துத் தின்பதை அது தடுக்கவில்லை. நான் கொடுக்கிறேனா என்பது பாதிக் கேள்விதான். வேறு யார் கொடுக்கிறார்கள் என்பது மறு பாதி. நண்பர் முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

இதற்குச் சரித்திரத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐஃபோனில் விளம்பரத் தடுப்பான்களுக்கு முதன்முறையாக இடம் கொடுத்தது. உடனே பல தடுப்பான்கள் கடைக்கு வந்தன. 'கிரிஸ்டல்' என்று ஒன்று, விலை ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. நிறையப் பேர் வாங்கினார்கள். சில நாளிலேயே செய்தி வந்தது: அதைச் செய்தவர் 'அட்பிளாக் பிளஸ்' நடத்தும் ஐயோ என்ற ஜெர்மன் கம்பெனியுடன் உடன்பாடு செய்துகொண்டு, சில விளம்பரங்களை உள்ளே விடச் சம்மதித்திருக்கிறார், அதற்கு அந்தக் கம்பெனி அவருக்குப் பணம் கொடுக்கும். (கம்பெனியின் பெயர் தமிழ்க் காதுக்கு இப்படி விழுவது என் குற்றமல்ல.) வேண்டாதவர்கள் அதை அணைத்துவிட வழி இருந்தது என்பது உண்மை. ஆனால் வாசற்படியில் காவலுக்கு உட்கார வைத்தவனுக்கு நாமும் கொடுக்கிறோம், வெளியே நிற்கிறவனும் கொடுக்கிறான். அவன் யாருடைய ஆள்?

அதே வாரத்தில் 'பீஸ்' என்று இன்னொன்று. மார்கோ ஆர்மென்ட் என்பவர் எழுதியது. விலை 2.99 டாலர். அமெரிக்காவில் விலைக்கு விற்கும் ஆப்களின் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிவிட்டது. இரண்டே நாளில் அவர் அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். வாங்கியவர்களுக்கெல்லாம் ஆப்பிள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தடுப்பான் பலருக்கு நன்மை செய்தாலும், அடிபடத் தகாத சிலரும் அதனால் அடிபடுகிறார்கள், இந்த வெற்றி எனக்கு நன்றாக இல்லை என்கிற அர்த்தத்தில் அவர் எழுதினார். அவரைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அவர் மீது மரியாதை உண்டு. தவிர, அந்த அசௌகரியம் அவர் காசு வாங்கியதால்தான் வந்தது என்றும் நினைக்கிறேன். சும்மா கொடுத்திருந்தால் அது ஒரு பொழுதுபோக்காக இருந்திருக்கும், மனச்சாட்சி விழித்திருக்காது. விலை விசுவாசத்தை வாங்கியதோ இல்லையோ, விற்றவருக்கு ஒரு தூக்கமற்ற இரவைக் கொடுத்தது.

இதனால் இலவசம் சுத்தம் என்று ஆகிவிடாது. நண்பரின் சந்தேகம் ஆதாரமில்லாததல்ல. 'கோஸ்டரி' என்ற இலவசத் தடுப்பானை 2010இல் ஒரு கம்பெனி வாங்கிற்று. நம்மை வேவு பார்ப்பவர்களை நமக்குக் காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆனால் சம்மதித்த பயனாளிகளிடமிருந்து வந்த தகவலைத் தொகுத்து அந்தக் கம்பெனி வியாபாரிகளுக்கே விற்றுக்கொண்டிருந்தது. அட்பிளாக் பிளஸ்ஸும் இலவசம்தான். 2011 முதல் அது 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இருப்பவற்றை, நாமாக மாற்றாதவரை, உள்ளே விடுகிறது. சிறியவர்களுக்குக் கட்டணமில்லை, பெரிய நிறுவனங்கள் பணம் கொடுக்கின்றன. கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் அப்படிக் கொடுத்தவர்களில் சேர்த்தி என்று 2015இல் செய்தி வெளியாயிற்று. விலைக்கு வாங்கிய கிரிஸ்டலும் இலவச அட்பிளாக் பிளஸ்ஸும் கடைசியில் ஒரே கல்லாவில் போய்ச் சேர்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் நான் வைத்திருப்பது? அதன் பெயர் 'யூபிளாக் ஆரிஜின்'. ரேமண்ட் ஹில் என்பவர் 2014இல் 'யூபிளாக்' என்று ஆரம்பித்தார். பொறுப்பு சுமையாகிவிடவே 2015இல் அதை இன்னொருவர் கையில் ஒப்படைத்தார். புதியவர் வந்ததும் நன்கொடை கேட்கும் பக்கம் முளைத்தது. ஹில் தன் பிரதியைத் தனியாக எடுத்துக்கொண்டு 'ஆரிஜின்' என்ற பெயரில் தொடர்ந்தார். இன்றுவரை அவர் நன்கொடை வாங்குவதில்லை. கொடுத்தே தீரவேண்டும் என்கிறவர்கள் பட்டியல் தயாரிப்பவர்களுக்குக் கொடுங்கள் என்கிறார். ஒப்படைக்கப்பட்ட பழைய யூபிளாக் 2018இல் வேறொரு தடுப்பான் கம்பெனியின் கைக்குப் போய், 2019இல் அதுவும் ஏற்கத்தக்க விளம்பரங்களை உள்ளே விட ஆரம்பித்தது. ஒரே வித்திலிருந்து வந்த இரண்டு. சிறுபத்திரிகைகள் பிரிந்த கதைகளை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

இங்கே 'பட்டியல்' என்று சொன்னது என்ன என்று விளக்கிவிட வேண்டும். தடுப்பான் என்ற யந்திரம் தானாக ஒன்றையும் அறியாது. எந்த முகவரியிலிருந்து வருவது விளம்பரம், பக்கத்தின் எந்தக் கட்டம் விளம்பரக் கட்டம் என்று வரிவரியாக எழுதி வைத்த ஒரு ஜாபிதாவை அது பார்த்துக்கொள்கிறது. ஆயிரமாயிரம் வரிகள். இவற்றுள் பிரசித்தமானது 'ஈஸிலிஸ்ட்'. 2005இல் ரிக் பெட்னல் என்பவர் தொடங்கியது. அவர் 2009இல் இறந்தபின் வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வெப்சைட் தன் விளம்பரத்தின் முகவரியை இரவில் மாற்றினால், யாரோ ஒருவர் புகார் எழுதுகிறார், இன்னொருவர் பார்த்து ஒரு வரியைத் திருத்துகிறார். வங்கியில் லெட்ஜர் எழுதிய பழைய குமாஸ்தாக்களின் வேலைதான், பல சமயம் சம்பளம் இல்லாமல். விலைக்கு விற்கும் தடுப்பான்களில் பிரபலமான 'அட்கார்ட்' தன் அடிப்படைப் பட்டியலில் ஈஸிலிஸ்ட்டைச் சேர்த்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அட்கார்டின் சம்பள ஆட்கள் தயாரிக்கும் பட்டியல்களும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. என் இலவசத் தடுப்பானிலேயே அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கிணறு ஒன்று, ஒருவர் வாளிக்குக் காசு வாங்குகிறார், ஒருவர் வாங்குவதில்லை.

ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயர் 1970இல் ரத்தத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டனில் ரத்தம் தானமாக வந்தது. அமெரிக்காவில் ஒரு கணிசமான பகுதி விலைக்கு வாங்கப்பட்டது. விலைக்கு விற்கிறவனுக்குத் தன் நோயை மறைக்க ஒரு காரணம் இருக்கிறது, தானம் செய்கிறவனுக்கு இல்லை. ஆகவே விலைக்கு வாங்கிய ரத்தத்தில் மஞ்சள் காமாலை அபாயம் அதிகம் என்பது அவர் வாதத்தின் சாரம். பொருளாதார நிபுணர் கென்னத் ஏரோ 1972இல் இதற்கு ஒரு ஆட்சேபம் எழுப்பினார்: தானம் செய்கிற வழியை மூடாமல் பக்கத்திலேயே விற்கிற வழியையும் திறந்துவிட்டால், சுதந்திரம் கூடுகிறதே தவிர எங்கே குறைகிறது? மறு வருஷமே பீட்டர் ஸிங்கர் டிட்மஸ்ஸுக்குப் பரிந்து எழுதினார். விற்பனை வந்துவிட்ட இடத்தில் தானத்தின் அர்த்தமே வேறாகிவிடுகிறது. விலையுள்ள ஒன்றைச் சும்மா கொடுப்பவன், அந்த விலை அளவுக்குக் கொடுத்தவனாகத்தான் ஆகிறான். கி.ரா.வோ யாரோ சொன்னது போல் என்று உதாரணம் தேட வேண்டியதில்லை. என் நண்பர் முகம் மாறியதே சாட்சி. விற்கிற தடுப்பான் ஒன்று இருப்பதால்தான் சும்மா கிடைப்பது அவருக்குச் சந்தேகத்துக்கிடமானதாகத் தெரிந்தது.

ஆனாலும் டிட்மஸ்ஸை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது சோம்பேறித்தனம். ரத்தத்தைக் குடுவையில் வைத்துப் பார்த்தால் நோய் தெரியாத காலம் அது. தடுப்பானின் விஷயம் வேறு. யூபிளாக் ஆரிஜினின் ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் எங்கோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நம்புவது ஹில்லின் நல்ல மனதை என்பதைவிட, அவர் எழுதியதை மறைக்க முடியாது என்பதையே. விலைக்கு வாங்கும் சிலவற்றில் இது கிடையாது. கம்ப்யூட்டரில் நிறுவப்படும் விலைத் தடுப்பான்கள் பூட்டிட்ட பக்கங்களுக்குள்ளும் வடிகட்டுவதற்காகத் தங்கள் சொந்தச் சான்றிதழ் ஒன்றை நம் யந்திரத்தில் பதித்துக்கொள்வதுண்டு. அதாவது எல்லாக் கடிதங்களையும் பிரித்து, விளம்பரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஒட்டித் தருகிறார்கள். செய்யக்கூடாதென்று சொல்லவில்லை. அந்த உரிமையைக் கொடுக்குமுன் கேட்க வேண்டியது விலையை அல்ல.

நண்பருக்குச் சாதகமாக ஒன்று சொல்லத்தான் வேண்டும், அது சின்ன விஷயமுமல்ல. பிரௌசருக்குள் குடியிருக்கும் தடுப்பான் வாடகைக் குடித்தனக்காரன். குரோம் பிரௌசரின் சொந்தக்காரர் கூகுள். கூகுளின் ஜீவனம் விளம்பரம். 2024, 2025 வருஷங்களில் குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றி யூபிளாக் ஆரிஜினை வெளியேற்றிவிட்டது. பாதுகாப்புக்காக என்றார்கள். 'லைட்' என்று திறன் குறைந்த ஒன்றுதான் அங்கே மிச்சம். நான் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறினேன். பிரௌசருக்கு வெளியே, யந்திரத்தின் மட்டத்தில் உட்காரும் விலைத் தடுப்பானை அப்படி வெளியேற்ற முடியாது. மற்ற ஆப்களுக்குள் வரும் விளம்பரத்தையும் அது ஓரளவு தடுக்கும். பத்து ஆப்களில் நாள் முழுக்கக் கிடக்கிறவருக்கு அந்தச் சந்தா வீணல்ல. சௌகரியத்துக்கு விலை கொடுக்கிறேன் என்று நண்பர் சொல்லியிருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. விசுவாசத்துக்கு என்றாரே, அதுதான்.

இதுவரை எழுதியது எல்லாம் தர்க்கம். இப்போது சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று சில நாள் யோசித்தேன்.

போன வருஷம் ஜூனில் ஒரு காலை, ரிடையரான ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் கவுண்டருக்கு வந்தார். மாதாமாதம் பென்ஷனுக்கு வருகிறவர், பாஸ்புக்கை நியூஸ்பேப்பர் அட்டை போட்டு வைத்திருப்பார். முந்தின நாள் ஏ.டி.எம்.மில் 2,000 ரூபாய் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. வங்கியின் உதவி எண்ணை ஃபோனில் ஒரு தேடுபொறியில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசியிருக்கிறார். பேசியவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான். ஒரு ஆப்பைப் போடச் சொல்லியிருக்கிறான், இலவசம்தான் சார் என்று. திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு தடவையாக 48,000 போய்விட்டது.

"எந்த நம்பர் சார், எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல வந்ததுதான் தம்பி. நம்ம பேங்க் பேரு போட்டிருந்துது."

என் ஃபோனை எடுத்து அதே வார்த்தைகளைத் தட்டினேன். வங்கியின் சொந்தப் பக்கம்தான் முதலில் வந்தது. "அப்படி எதுவும் வரலையே சார்" என்றேன். அவர் என் ஃபோனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான்தான் ஏதோ தப்பாப் பார்த்திருக்கேன்" என்றார். 1930க்குப் பேசவைத்தேன். புகாரை அவர் சார்பில் நானே எழுதினேன். 'முன்பின் தெரியாத எண்ணுக்குத் தாமாகவே தொடர்புகொண்டு' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். 2017இல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையின்படி வாடிக்கையாளரின் அஜாக்கிரதையால் போன பணத்துக்கு, புகார் செய்யும் வரை ஏற்பட்ட நஷ்டம் அவருடையதே. அந்த வாக்கியத்தின் கனம் எனக்குத் தெரியாததல்ல.

சாயங்காலம் கேஷ் முடிந்தபின், பக்கத்து சீட் நண்பரின் ஃபோனில் எதற்கோ தேடியபோதுதான் பார்த்தேன். வங்கியின் பெயர், ஒரு மொபைல் எண், ஓரத்தில் எறும்பு அளவில் 'விளம்பரம்' என்ற வார்த்தை. பல வருஷமாக நான் பார்த்தேயிராத ஊர் அது. நான் குடியிருக்கும் ஊரில் அந்த வீடே இல்லை. என் தடுப்பான் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதனாலேயே, தான் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரு மனிதரை அவர் கண்ணையே சந்தேகிக்க வைத்தேன்.

மறுநாள் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, தேடல் முடிவின் மேல் வந்த விளம்பரத்தை வங்கியின் எண் என்று நம்பி, என்று மாற்றி எழுதி, பக்கத்து சீட்காரரின் ஃபோனில் எடுத்த படத்தையும் இணைத்தேன். 48,000 வரவில்லை. ஏ.டி.எம்.மில் போன 2,000 மட்டும் ஐந்தாம் நாள் தானாகவே கணக்கில் வந்து உட்கார்ந்தது.

பிறகுதான் 'ஏற்கத்தக்க விளம்பரம்' என்பதற்கு என்ன இலக்கணம் என்று போய்ப் பார்த்தேன். அளவு இவ்வளவுக்குள் இருக்க வேண்டும்; படிப்பதற்கு நடுவே குறுக்கிடக்கூடாது; விளம்பரம் என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். துள்ளக்கூடாது, கத்தக்கூடாது. எல்லாம் பார்வைக்குத் தொந்தரவு என்ற ஒரே கோணத்திலிருந்து. அமைதியாக, எழுத்தில் மட்டும், தன் இடத்தில் நிற்கிற பொய் இந்த இலக்கணத்தில் எதையும் மீறவில்லை. முழங்கால் தைலம்தான் குதித்துக் கூத்தாடி ஆட்சேபத்துக்குள்ளாகிறது. நம்மில் படித்தவர்களின் ருசியும் இதுதான் என்று நினைக்கும்போது சங்கடமாக இருக்கிறது. விளம்பரத்தை நாம் வெறுப்பது அது அசிங்கமாக இருப்பதால். வாத்தியாருக்கு அதனால் நேர்ந்தது வேறு. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொது ஜனங்களுக்கு விட்ட எச்சரிக்கையில், தேடுபொறி விளம்பரங்களில் ஆள்மாறாட்டம் நடக்கிறது, தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தது. அதை நான் அப்போதே படித்திருந்தேன். எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே என்று மேலே படித்துக்கொண்டு போனேன்.

பத்திரிகைகளின் பிழைப்பைத் தடுப்பான் திருடுகிறது என்ற குற்றச்சாட்டை நான் தவிர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆக்ஸல் ஷ்ப்ரிங்கர் என்ற பெரிய ஜெர்மன் பத்திரிகை நிறுவனம் இதையே வழக்காடி, 2018 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பதிப்புரிமையை வைத்துத் தொடுத்த இன்னொரு வழக்கை அதே நீதிமன்றம் 2025 ஜூலையில் ஹாம்பர்க்குக்குத் திருப்பி அனுப்பியது. சட்டம் எப்படிப் போனாலும், நான் விடாமல் படிக்கும் இரண்டு பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறேன். தடுப்பானுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பணம் அங்கே போகிறது என்று கணக்கு. இது நியாயமா அல்லது நியாயத்தின் ஜாடையில் ஒரு ஏற்பாடா என்பது எனக்கே நிச்சயமில்லை. விலைத் தடுப்பானுக்குச் சந்தா கட்டுகிறவரின் பணத்தில் ஒரு பைசாவும் கட்டுரை எழுதியவனுக்குப் போகாது என்பது மட்டும் நிச்சயம்.

அடுத்த பென்ஷன் தேதியில் வாத்தியார் வந்தபோது, லஞ்ச் நேரத்தில் அவரை உட்கார வைத்து, ஃபோனில் ஃபயர்ஃபாக்ஸையும் யூபிளாக் ஆரிஜினையும் போட்டுத் தருகிறேன் என்றேன். இனி அந்த மாதிரி எண் கண்ணில் படாது என்று விளக்கினேன். விலைக்கு வாங்கியிருந்தால் என் லைசென்ஸில் எத்தனை ஃபோன் என்று எண்ண வேண்டியிருக்கும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி.

"எவ்வளவு தம்பி?"

"சும்மாதான் சார்."

அவர் ஃபோனை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி" என்றார். அவனும் அதைத்தானே சொன்னான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நிரல்கள் திறந்திருப்பதையும் ரேமண்ட் ஹில்லையும் நான் அவருக்கு எப்படிச் சொல்வது? "ஐம்பது ரூபாய் சார்" என்றேன். அவர் பையிலிருந்து ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்து மேஜை மீது வைத்துவிட்டு ஃபோனைக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் முடிந்தது. பதினோரு வருஷத்தில் வாடிக்கையாளர் ஒருவரிடம் ரசீதில்லாமல் நான் வாங்கிய பணம் அது ஒன்றுதான். மேலதிகாரிக்குத் தெரிந்தால் விளக்கம் கேட்பார், என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை. நோட்டு இன்னும் டிராயரில் கிடக்கிறது. கொடுக்கலாம் என்றால் ஹில் வாங்குவதில்லை.